சிவப்புப் பட்டியலில் ஓர் இடம்

பாப்பா சிவப்பு என்று தெரியவந்த அன்று, லாட்ஜிலிருந்து வந்த நாற்பது படுக்கை விரிப்புகள் இஸ்திரிக்கடையில் மூட்டை பிரிக்காமல் கிடந்தன. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரக்காற்றில் தேய்த்த துணி நிற்காது. மடித்து வைத்த அரைமணியில் தூங்கி எழுந்தவன் முகம் மாதிரி ஆகிவிடும். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். சூடு பார்க்க அவருக்கு வேறு கருவி தேவைப்பட்டதில்லை.

"அப்பா, நான் சிவப்பு" என்றாள் பாப்பா, வாசலில் நின்று, குடையை மடக்காமலே.

பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, புள்ளியியல். வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்தால் பயப்படக் காரணமே இல்லாத பிள்ளை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

"என்ன சிவப்பு? ரத்தத்துலயா?"

"ரத்தம் இல்லப்பா. அமைதி."

"அமைதிக்கு என்ன?"

"எனக்கு இல்லையாம். நோட்டீஸ் போர்டுல போட்டுட்டாங்க."

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இல்லாத ஒரு பொருளுக்காக ஒருவர் பெயரைச் சுவரில் ஒட்டுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டதில்லை.

நடந்தது இதுதான். போன பருவத்தில் தேர்வு அறையிலேயே மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். கல்லூரி முதல்வர் இதைப் பெரிய மனதோடு அணுகினார். பாடச்சுமையைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று ஓர் ஆசிரியர் கேட்டதற்கு, அது நீண்டகாலத் திட்டம் என்று சொல்லிவிட்டு, குறுகிய காலத்தில் ஒரு கருவி வாங்கினார். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, வானநீலம் அடித்து, அருவிப் படம் ஒன்று மாட்டி, கதவின்மேல் 'மன அமைதி மற்றும் உயிர்ப்பின்னூட்டப் பயிற்சி மையம்' என்று எழுதினார்கள். ஒரே மூச்சில் அதை வாசிக்க முடிந்தவனுக்குப் பயிற்சியே தேவையில்லை. பிள்ளைகள் 'அமைதி ரூம்' என்றார்கள். அதற்குப் பொறுப்பாளர் 'அமைதி சார்' ஆனார். வணிகக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர். ஒன்பது நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு வெளிர்நிறச் சட்டைதான் போடுவார். தண்ணீர் கேட்பதைக்கூடத் தாலாட்டுப் பாடுகிற குரலில் கேட்பார்.

கருவி என்பது ஒரு சின்னப் பெட்டி, ஒரு வயர், விரலில் மாட்ட ஒரு கவ்வி, ஒரு திரை. மனசு படபடத்தால் விரல் நுனிக்கு ரத்தம் குறைந்து குளிர்ந்துபோகும். மூச்சு நிதானப்பட்டு, தோளும் தாடையும் தளர்ந்தால் விரலில் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் திரையில் ஒரு மொட்டு காட்டும்: குளிர்ந்தால் சிவப்பாகக் கூம்பி நிற்கும், சூடேறினால் பச்சைக் கொடியில் பூவாக விரியும். தன் உடம்பு செய்வதைத் தானே கண்ணால் பார்த்துப் பழகினால், நாளாவட்டத்தில் படபடப்பைத் தணிக்கக் கற்றுக்கொள்ளலாம். நல்ல விஷயம்தான், அவசரப்படாதவர்களுக்கு.

கல்லூரிக்கு அவசரம் இருந்தது. அறிவிப்பு இப்படி வந்தது: 'மாணவர் அனைவரும் இம்மாதம் பதினான்காம் தேதி மாலை நான்கு மணிக்குள் அமைதி அடைந்துவிட வேண்டும். அடையாதோர் தேர்வு எழுத அனுமதிக்கப்பட மாட்டார்கள். தாமத அமைதி ஏற்கப்படாது.'

"இது என்னடி கூத்து?" என்றாள் அம்மா, காலருக்குத் தண்ணீர் தெளித்தபடி. "நல்லா நிம்மதியா இருன்னு தடி எடுத்துக்கிட்டு நிக்கறாங்களா?"

"நான் மூணு தடவ உக்காந்துட்டேம்மா. மூணு தடவையும் மொட்டு அசையவே இல்ல. அதைப் பாக்கப் பாக்க இன்னும் பயமா இருக்கு. இன்னும் பயந்தா இன்னும் செவக்குது."

"பின்னாடி ஆள் இருந்தாங்களா?"

"வரிசையா உக்காந்திருந்தாங்க. ஒருத்தன் 'சீக்கிரம் அமைதியாகு, எனக்கு லேப் இருக்கு'ன்னான்."

அம்மா சிரித்துவிட்டாள். பாப்பா சிரிக்கவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மாலையில் அம்மாவின் தம்பி வந்தார். கல்லூரியில் அட்டெண்டர்; இப்போது அமைதி அறைக்கே மாற்றியிருந்தார்கள். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அறை மாறியதும் அவர் பேச்சும் மாறியிருந்தது.

"அக்கா... பதறாத. மூச்சை உள்ள இழு. நாலு எண்ணு."

"நீ மொதல்ல அந்தச் சேத்துச் செருப்ப வெளிய விடு. நான் எண்ண ஆரம்பிச்சா உன் வண்டவாளம்தான் எண்ணுவேன்."

மாமா செருப்பை விட்டுவிட்டு வந்து, தேய்க்காத மூட்டைமேல் உட்கார்ந்து, பழைய குரலுக்கு இறங்கினார். "அத்தான், சொல்றேன்னு வெளிய சொல்லிடாதீங்க. அந்தப் பொட்டிக்கு மனசும் தெரியாது, மூளையும் தெரியாது. விரல் சூடு ஒண்ணுதான் தெரியும். கை கதகதன்னு இருக்கற புள்ள வந்தா ரெண்டு நிமிஷத்துல பூ விரிஞ்சிடுது. இவ கையத் தொட்டுப் பாருங்க."

இஸ்திரிக்காரர் மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார். வாளியிலிருந்து அப்போதுதான் எடுத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தது. அந்தக் குளிர் அவர் முழங்கைவரை ஏறியது. அந்த நிமிஷம் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஏன் இப்படிக் குளிர்ந்து கிடக்கிறது? அவர் கேட்டது வேறு.

"எவ்வளவு சூடு வேணும் மாப்ளே?"

சூடு என்று வந்துவிட்டால் அவர் தொழில் தெரிந்த ஆள். பூத்துண்டு வேண்டும், நாலாக மடித்தது. பெட்டியை ஒருமுறை ஓட்டினால் சூடு மூன்று நிமிஷம் நிற்கும். இருபுறமும் இரண்டு முறை அழுத்தி ஓட்டி, உடனே பாலித்தீன் பையில் போட்டு, அதை இன்னொரு துண்டில் சுற்றினால் கால்மணிக்குக் கவலையில்லை. கடையிலிருந்து கல்லூரிப் பின்வாசலுக்கு எட்டு நிமிஷ நடை. மழை பெய்தால் பத்து.

"இது ஏமாத்தறது இல்லையாங்க?" என்றாள் அம்மா.

"என்ன ஏமாத்து? கைச்சூடு கேக்கறாங்க. கைச்சூடு குடுக்கறோம்."

பதின்மூன்றாம் தேதி மாமா கதவைத் திறந்துவிட, பாப்பா துண்டுக்குள் கையைப் பொத்தி வைத்திருந்து, சூட்டோடு சூடாகப் போய் உட்கார்ந்தாள். பூ விரிந்தது என்று சொன்னால் போதாது, வெடித்தது. அமைதி சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். 'இவ்வளவு ஆழமான அமைதியை நான் பார்த்ததில்லை' என்றாராம். மறுநாளே நடைவழியில் பாப்பாவின் படம் ஏறியது. கீழே, 'சிவப்பிலிருந்து பச்சைக்கு: ஒரு சாதனைப் பயணம்.'

"பயம் போச்சா பாப்பா?" என்று அம்மா கேட்டாள்.

"பச்சை வந்துடுச்சும்மா."

அம்மா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு பத்து நாள் வீடு நிம்மதியாக இருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் குவித்துவிட்டு எழுந்துபோனாள். படிக்கிற பிள்ளைக்குப் பசி தெரியாது என்றார் அப்பா. ஒருநாள் ஒரே சட்டையை நாலுமுறை தேய்த்தாள், கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. மகளுக்குத் தொழில் பிடித்துவிட்டது என்று கிண்டல் செய்தார். கிண்டல் செய்ததை நினைத்து அவர் பிறகு பட்ட பாடு கொஞ்சமில்லை.

புதன்கிழமை மத்தியானம் மழை வெறித்திருந்தது. அப்பா லாட்ஜுக்கு மூட்டை கொண்டுபோயிருந்தார். அம்மாவும் பாப்பாவும் விரிப்பு மடித்தார்கள். அது இரண்டு ஆள் வேலை. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, பின்னால் போய் இழுத்து, முன்னால் வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேரும்போதுதான் முகம் பார்க்கலாம். பின்னால் போனால் நடுவில் துணி. பாப்பா மூன்றுமுறை முனையை நழுவவிட்டாள்.

"என்னடி, கையில எலும்பு இல்லையா?"

பின்னால் போனார்கள்.

"அம்மா, படிச்சா நிக்க மாட்டேங்குது. ஒரு வரி படிச்சு அடுத்த வரி போறதுக்குள்ள முந்தின வரி போயிடுது."

"பரிட்சைன்னா எல்லாருக்கும் அப்படித்தான். உங்கப்பா லைசன்ஸ் வாங்கப் போனப்ப சொந்தப் பேரையே மறந்துட்டு முழிச்சாரு."

முன்னால் வந்தார்கள். பாப்பா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த விரிப்பு.

"நெஞ்சு அடிச்சுக்குதும்மா. பஸ்ல, கிளாஸ்ல, சும்மா பல்லு வெளக்கறப்ப. யாரோ பின்னாடியே நின்னு நேரம் பாக்கற மாதிரி."

"அந்தச் சார்கிட்ட சொல்றதுதானே? அதுக்குத்தானே ரூம் போட்டு உக்காந்திருக்காரு?"

"ரெண்டு தடவ சொன்னேன். ரிஜிஸ்டர எடுத்துக் காட்டினாரு. 'நீ பச்சைம்மா. உனக்குப் பயம் கிடையாது. இது பயம் மாதிரி ஒரு நினைப்பு'ன்னாரு. எனக்கே சந்தேகமாயிடுச்சு, நான்தான் நடிக்கறேனோன்னு."

அம்மா விரிப்பை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். துணிக்கு அந்தப்பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"திங்கக்கிழமை மூணாவது மாடியில நின்னேம்மா. கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு கீழ பாத்தேன். பாத்துட்டே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. பெல் அடிச்சுது. வந்துட்டேன்."

அம்மாவின் கையிலிருந்து இரண்டு முனையும் விழுந்தன. வெளுத்த துணி தரையில் படக்கூடாது என்பதுதான் அந்தக் கடையின் ஒரே சட்டம். அவள் அதன்மேலேயே மிதித்து நடந்துபோய் மகளின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"விழணும்னு நெனச்சியா?"

கேட்டபிறகு, ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. ஆனால் கேட்டுவிட்டாள்.

"தெரியலம்மா. நெனச்சதால பயந்தேனா, பயந்ததால நெனச்சேனான்னு தெரியல. அப்புறம் என் போட்டோவ தாண்டித்தான் கிளாசுக்குப் போகணும். சிரிச்சிட்டிருக்கேன் அதுல."

அம்மா கத்தவில்லை. அழவுமில்லை. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். மகளைத் துணிமூட்டைமேல் உட்காரவைத்து, பக்கத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்துகொண்டாள். இஸ்திரிக்காரர் காலி சைக்கிளோடு வந்தபோது இருவரும் அப்படியே இருந்தார்கள்.

கேட்டு முடித்ததும் அவர் முதலில் சொன்னது: "நான்தான். நான்தான் அந்தத் துண்டு."

"யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. "நாளைக்குக் காலையில போறோம். ராத்திரி இவள நடுவுல போட்டுப் படுக்கறோம்."

வியாழக்கிழமை கடை திறக்கவில்லை.

கல்லூரியில் அன்று ஏதோ ஆய்வுக்குழு வருகிறதாம். படிக்கட்டெல்லாம் கழுவியிருந்தார்கள். 'பதற்றமில்லா வளாகம்' என்று துணியில் எழுதிக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர், நேரமாகிவிட்டதென்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி முகப்பில் புது அறிவிப்பு: 'இன்று அனைவரும் மலர்ந்த முகத்துடன் மெதுவாக நடக்கவும்.' பிள்ளைகள் மெதுவாகத்தான் நடந்தார்கள், ஆஸ்பத்திரியில் நடக்கிற மாதிரி.

இஸ்திரிக்காரர் தன் கல்யாணச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். அந்த வளாகத்தில் சுருக்கமே இல்லாமல் இருந்தது அந்தச் சட்டை மட்டும்தான். அம்மா பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மாடிப்பக்கம் வந்ததும் சுவரோரமாக அவளைத் தள்ளித் தான் வெளிப்பக்கம் நடந்தாள்.

அமைதி சார் அருவிப் படத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க. பச்சைப் பொண்ணோட பெற்றோரா? உக்காருங்க. மூச்சை நல்லா..."

"மூச்செல்லாம் அப்புறம் சார்" என்றார் இஸ்திரிக்காரர். "என் பொண்ண சிவப்புல போடுங்க."

"என்னது?"

அவர் சொன்னார். பூத்துண்டு, நாலு மடிப்பு, பாலித்தீன் பை, எட்டு நிமிஷ நடை, எதையும் விடவில்லை. கதவருகே நின்ற மாமா கழுத்துச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

சாரின் முகம் வெளிறியது. குரல் மட்டும் தாலாட்டிலேயே இருந்தது. "ஐயா, நூத்துக்கு நூறு பச்சைன்னு அறிக்கை அச்சாயிடுச்சு. பதினோரு மணிக்குக் குழு வருது."

"அச்சுல தப்புன்னு சொல்லிடுங்க."

"தப்பு எப்படிங்க? கருவி பச்சைன்னு சொல்லியிருக்கே."

"கருவி என் துண்டப் பாத்துட்டுச் சொல்லுச்சு சார். துண்டு நல்ல அமைதியாத்தான் இருக்கு. பொண்ணு இல்ல."

சத்தம் கேட்டு முதல்வர் உள்ளே வந்தார். கோட்டில் பித்தான் மாறிப் போட்டிருந்தது. விஷயத்தை நின்றபடியே கேட்டார். பிறகு, மேடையில் பேசுவதுபோல, "உங்கள் மகள் இந்த நிறுவனத்தின் முன்மாதிரி. படம் மாட்டியிருக்கிறோம்" என்றார். "முறைகேடு என்று நீங்களே சொன்னால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டிவரும். தேர்வு கிடையாது, ஒரு பருவம் போகும். சொல்லவில்லை என்றால் பச்சை. யோசித்துச் சொல்லுங்கள்."

அந்தப் பெண் பரிட்சை எழுதுவதற்காகத்தான் இரண்டு வருஷமாக இஸ்திரிக்காரர் மழையிலும் மூட்டை சுமந்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்க சார் நடவடிக்கை" என்றார்.

"சார்..." என்றார் மாமா, கதவருகிலிருந்து.

"என்னய்யா?"

"இவ மட்டும் இல்ல சார். பின்வாசல் டீக்கடையில போய்ப் பாருங்க. டீ வாங்கற ஒருத்தனும் குடிக்கறதில்ல. ரெண்டு கையாலயும் கிளாஸ அழுத்திப் பிடிச்சுக்கறாங்க, ஆறினதும் கீழ ஊத்திட்டு இங்க ஓடி வராங்க. பாதிப் பச்சை டீப்பச்சை சார்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லவில்லை?"

"பச்சை வந்தாப் போதும்னு சொன்னீங்க சார். எப்படின்னு யாரும் கேக்கலையே."

முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இது அமைதியைக் குலைக்கும் செயல் என்று ஆரம்பித்தார். அப்போதுதான் அம்மா வாய் திறந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, அருவிப் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"திங்கக்கிழமை எம்பொண்ணு உங்க மூணாவது மாடியில நின்னு கீழ பாத்துக்கிட்டிருந்திருக்கா. பெல்லு அடிச்சதால வந்துட்டா. நடவடிக்கை எதுக்கு எடுக்கறீங்களோ எடுங்க. பெல்லு அடிக்கலைன்னா என்னன்னு மட்டும் யாராவது சொல்லுங்க."

வெளியே தடதடவென்று யாரோ ஏணியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"திங்கக்கிழமையா?" என்றார் அமைதி சார். அந்தக் குரல் வேறு குரல், வேகமானது, கரகரத்தது. கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த காலத்தில் அவருக்கு இருந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். "திங்கக்கிழமை எப்பம்மா? என்னைப் பாத்துட்டுப் போனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பாப்பா நிமிர்ந்தாள். "பின்னாடி சார்."

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தது நாற்காலியில் இல்லை, அட்டைப்பெட்டி ஒன்றின் மேல், அது அமுங்கியது. கொஞ்ச நேரம் விரல் கவ்வியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு வயரைப் பிடுங்கித் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"எனக்கு ஒம்பது நாள் படிப்புதான்மா" என்றார். "தெரிஞ்சதக் கேக்கறேன். தெரியாததுக்கு இன்னைக்கே டாக்டர்கிட்ட நானே கூட வரேன். மொதல்ல நீ சொல்லு. நடுவுல பேச மாட்டேன்." பிறகு முதல்வரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்றார்.

"யார்? நானா?"

"எல்லாரும்தான் சார்."

மாமா கதவைச் சாத்தினார். அம்மா, முழுதாகச் சாத்தாதே என்று தம்பியிடம் கையைக் காட்டினாள். ஒரு விரல் இடைவெளி விட்டார்.

நடைவழிப் பெஞ்சில் இஸ்திரிக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். இன்னொரு பெஞ்சைக் கழுவிக் காயப்போட்டிருந்ததால் முதல்வரும் அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார வேண்டியதாயிற்று. உள்ளே முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கேட்கவில்லை. அம்மா எழுந்தாள், உட்கார்ந்தாள். பிறகு ஒரு வார்த்தை கேட்டது. இரண்டு. நின்றது. மறுபடி வந்தது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை, பாப்பா குரல் என்பது மட்டும் புரிந்தது.

"என்ன சொல்கிறாள்?" என்றார் முதல்வர், ரகசியமாக.

"தெரியலைங்க" என்றார் இஸ்திரிக்காரர். "பேசறா."

பதினோரு மணிக்கு ஆய்வுக்குழு மாடியேறி வந்தது. கோப்பு அணைத்த நாலு பேர், முன்னால் நரைத்த கூந்தலை இழுத்து முடிந்த ஓர் அம்மாள். முதல்வர் துள்ளி எழுந்து, பயிற்சி நடக்கிறது, மிக ஆழமான பயிற்சி என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அழுகை வந்தது. விம்மல் இல்லை, சின்னப் பிள்ளை அழுவதுபோல வாய்விட்ட அழுகை. நடைவழி முழுவதும் கேட்டது. மெதுவாக நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

"யார் அழறது?" என்றார் அந்த அம்மாள்.

இஸ்திரிக்காரர் கதவுப்பக்கம் பாய்ந்தார். மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள். பிடியை விடவில்லை. விட்டால் தானும் ஓடிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

"எம்பொண்ணுங்க" என்றாள். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா. கொஞ்ச நேரம் ஆகும். உக்காருங்க."